ஓதம் பார்க்கும் ஊரில் பேறுகாலம்

செவ்வாய்க்கிழமை என்றால் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் நாள். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், விரல் நுனியில் குத்தி ரத்தத்தின் அளவு பார்ப்பார்கள், வயிற்றில் கைவைத்துப் பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார்கள். மறுநாள் புதன், தடுப்பூசி நாள். இந்தக் கிழமைக் கணக்கு மாநிலம் முழுக்கப் பழகிப்போன ஒன்று. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டரில் இருக்கும் கிள்ளையில் இன்னொரு கணக்கும் நடக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டிய கழிகளில் இருளர் குடும்பங்கள், ஆண்களும் பெண்களும், வலையில்லாமல் இறால் பிடிக்கிறார்கள். தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி, அகப்பட்டதைப் பல்லில் கவ்விய ஓலைப் பறிக்குள் போடுகிறார்கள். நீர் வற்றும் நேரம்தான் அவர்களுக்கு வேலை நேரம். அது நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓதத்துக்குக் கிழமை தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீர் வற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய வரும்படியை விட்டுவிட்டு பிரஷர் பார்க்கப் போவதா, பறியை எடுத்துக்கொண்டு கழியில் இறங்குவதா என்று ஒரு கர்ப்பிணி முடிவெடுக்க வேண்டியிருக்கும். அவள் போகாவிட்டால் பதிவேட்டில் 'வரவில்லை' என்று விழும். ஏன் வரவில்லை என்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. சிறிய ஊர்களில் மகப்பேற்று மருத்துவத்தை மேம்படுத்துவது பற்றிப் பேச்செடுத்தால் நாம் கட்டடம், கருவி, மருத்துவர் பணியிடம் என்றுதான் தொடங்குகிறோம். அவை வேண்டும்தான். ஆனால் தாயும் பிள்ளையும் பிழைப்பது பெரும்பாலும் நேரத்தைப் பொறுத்தது: எப்போது அவளால் வர முடிகிறது, வந்தபின் எந்த நிமிடத்தில் ஆபத்தைக் கண்டுகொள்கிறார்கள், கண்டபின் எவ்வளவு சீக்கிரம் கை நீள்கிறது. கிள்ளையை முன்னே வைத்து இந்த நேரக் கணக்கைப் பார்க்கலாம்.

பிரசவத்துக்குப் பெண்களை மருத்துவமனைக்கு வரவழைப்பது என்ற முதல் பாதியைத் தமிழ்நாடு வென்றாகிவிட்டது. 1844இல் சென்னையில் தொடங்கி, 1882இல் எழும்பூருக்கு இடம் மாறிய அரசு மகப்பேறு மருத்துவமனையிலிருந்து கணக்கெடுத்தால் இது நீண்ட பயணம். ஆனால் பெரும் பாய்ச்சல் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில்தான் நடந்தது. 2001–03இல் லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20இல் 54 பேர். அதே காலத்தில் இந்தியச் சராசரி 301லிருந்து 97க்கு இறங்கியது. அப்போது கேரளம் 19இல் நின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் இன்னும் போக வேண்டிய தூரம் அது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறை வைத்து நியமித்து இரவு பகலாகப் பிரசவம் பார்க்கச் செய்தது, அவசர மகப்பேற்று சிகிச்சைக்கென்று சீமாங் மையங்களை உண்டாக்கியது, 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. என்னைக் கேட்டால், இவற்றிலெல்லாம் பெரியது செலவே இல்லாத ஒன்று. தாய் ஒருத்தி இறந்தால் அது ஏன் என்று விசாரித்தே தீர வேண்டும் என்று 2004இல் போட்ட அரசாணைதான் அது. அதுவரை விதி என்று எழுதப்பட்ட சாவுகளுக்கு அதன்பின் காரணம் எழுத வேண்டியதாயிற்று.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம்தான். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் செவிலியர் கையில் பிறக்கின்றன. அவற்றில் பத்துக்கு நான்குக்கு முதல் மணி நேரத்தில் சீம்பால் போய்ச் சேரவில்லை. சீம்பாலுக்கு மருந்து வாங்க வேண்டாம், மின்சாரம் வேண்டாம், சிறப்பு மருத்துவர் வேண்டாம். வாசல் வரை வந்த தாய்க்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் மீதிப் பாதி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான பள்ளத்தைவிட அதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த மீதிப் பாதி எவ்வளவு கடினமானது என்பதற்கு உத்தரப்பிரதேசத்தில் நடந்த ஓர் ஆய்வு பாடமாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பிரசவ அறைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்திருந்தது. கை கழுவினீர்களா, பிரஷர் பார்த்தீர்களா, குழந்தைக்கு வேண்டியது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்ற வகையில் 29 கேள்விகள். 2014 முதல் 2016 வரை 120 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, பாதி இடங்களில் இந்தப் பட்டியலையும், கூடவே நின்று சொல்லித்தரும் பயிற்சியாளர்களையும் கொடுத்தார்கள். மற்ற பாதி எப்போதும்போல் நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இந்த ஆய்வில் அடக்கம். இரண்டு மாதத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. செய்ய வேண்டிய அடிப்படை வேலைகளில் பட்டியல் இருந்த இடங்களில் 72.8 சதவீதமும், இல்லாத இடங்களில் 41.7 சதவீதமும் நடந்தன. ஆனால் தாய்ச் சாவு, சிசுச் சாவு, தாய்க்கு வந்த கடும் சிக்கல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது ஒருபுறம் 15.1 சதவீதம், மறுபுறம் 15.3. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் போனபின், பன்னிரண்டாம் மாதத்தில், அந்த 72.8உம் 61.7க்கு இறங்கிவிட்டது.

இதைப் படித்துவிட்டுப் பட்டியலே வீண் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. கை கழுவுவது, பிரஷர் பார்ப்பது எல்லாம் ஆபத்தைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் உதவும். கண்டுபிடித்த ஆபத்தைச் சமாளிக்கும் கை அந்த அறையில் இல்லாவிட்டால், அனுப்ப வேண்டிய பெரிய மருத்துவமனை தயாராக இல்லாவிட்டால், தாளில் போட்ட சரிக்குறி உயிரைப் பிடித்து நிறுத்தாது. இந்திய அரசு 2017 டிசம்பரில் லக்‌ஷ்யா என்ற பெயரில் பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சுவர் ஓடுகளும் திரைச்சீலையும் மதிப்பெண்ணும் மட்டும் அதில் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஆய்வே எச்சரிக்கை.

இதற்கு நேர்மாறான கதையும் இருக்கிறது. பிள்ளை பிறந்தபின் உதிரம் நிற்காமல் போவதுதான் உலகெங்கும் தாய்மாரை அதிகம் கொல்வது. எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் காலங்காலமாகக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டு வந்தார்கள். துணி நனைந்திருக்கும், தரையில் கொஞ்சம் சிந்தியிருக்கும், பனிக்குடத் தண்ணீர் கலந்திருக்கும்; 'கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை' என்று சொல்லி முடிப்பதற்குள் அரை லிட்டர் தாண்டியிருக்கும். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் ஒரு எளிய மாற்றத்தைச் சோதித்தார்கள். தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் நுனியில் ஒரு பை. பையின்மேல் அளவுக்கோடுகள். ரத்தம் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் செவிலியர் வேலையைத் தொடங்க வேண்டும்: கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, சுருங்க வைக்கும் ஊசி, டிரானெக்சாமிக் அமிலம், டிரிப், எங்கிருந்து போகிறது என்ற பரிசோதனை. ஒன்றைப் போட்டுக் காத்திருந்து அடுத்ததைப் போடுவது கிடையாது, எல்லாம் ஒன்றாக. பழைய முறையில் உதிரப்போக்கு வந்தவர்களில் பாதிப்பேரைத்தான் கண்டுகொண்டிருந்தார்கள். இந்த முறையில் 93 சதவீதம். கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, அதனால் வந்த சாவு மூன்றும் சேர்ந்து 4.3 சதவீதத்திலிருந்து 1.6க்கு இறங்கின.

இரண்டு ஆய்வுக்கும் நடுவே என்ன வேறுபாடு? முதலாவது, செவிலியரிடம் கேள்வி கேட்டது. இரண்டாவது, ஆபத்து வந்த கணத்தில் அவர் கையில் ஒரு கோட்டையும், கோட்டைத் தாண்டினால் செய்ய வேண்டியதையும், அதைச் செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தது. கிள்ளை மாதிரி ஊரில் நள்ளிரவில் மருத்துவர் அருகில் இல்லாத நேரத்தில் அந்த அதிகாரம்தான் முக்கியம். போன் போட்டு அனுமதி வாங்கும் பத்து நிமிடம் தாயின் உடம்பிலிருந்து போகிறது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஊசியான ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்தால்தான் வீரியத்தோடு இருக்கும். கடலோரப் புழுக்கத்தில் மேசைமேல் நாள்கணக்கில் கிடந்த மருந்தை நம்பி ஒரு தாயின் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. ஆகவே பிரசவ அறைக் குளிர்பெட்டியும், மின்சாரம் போனால் அதற்கு ஜெனரேட்டரும், பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியை வேளைக்கு வேளை பார்த்து எழுதும் கையும் உயிர்காக்கும் கருவிகளே.

பிரசவத்தின் முன்பகுதிக்கு இதே மாதிரி ஒரு கோடு 1972லேயே கிடைத்துவிட்டது. அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், ஹியூ பில்பாட் என்ற மருத்துவர் பார்டோகிராஃப் தாளில் இரண்டு சாய்வுக் கோடுகளை வரைந்தார். கர்ப்பப்பை வாய் மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்று செவிலியர் புள்ளி வைத்துக்கொண்டே போவார். புள்ளிகள் முதல் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்தால், பிரசவம் தாமதப்படுகிறது, சிறிய மையத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அடுத்த கோடு அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி இருக்கும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மருத்துவர் இல்லாத ஊரகச் செவிலியரை மனத்தில் வைத்து வரைந்த கோடு இது. கிள்ளைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே அது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். 13 கிலோமீட்டர் என்பது ஆம்புலன்சுக்குப் பெரிய தூரமில்லை. பிள்ளை மூச்சுத்திணறத் தொடங்கியபின் கிளம்பினால் மட்டும் அது பெரிய தூரம். ஆனால் அந்தத் தாளை வலி நேரத்தில் நிரப்பாமல் பிரசவம் முடிந்தபின் கோப்புக்காக நிரப்பும் வழக்கம் நாட்டின் பல இடங்களில் உண்டு. பின்னால் நிரப்பிய தாளில் எல்லாப் புள்ளிகளும் அழகாகக் கோட்டுக்கு இடப்பக்கமே விழும். 2020இல் உலக சுகாதார நிறுவனம் இந்தத் தாளைத் திருத்தி, தாய்க்குத் துணை இருக்கிறதா, தண்ணீர் குடித்தாளா என்ற கட்டங்களையும் சேர்த்தது.

துணை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வலி எடுத்த பெண்ணுடன் அம்மாவோ நாத்தனாரோ உள்ளே இருக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. சிறிய மருத்துவமனையில் இதைப் பின்பற்றுவது பெரிய மருத்துவமனையைவிட எளிது. இருளர் பெண்ணுக்கு இது இன்னும் அவசியம். அரசு அலுவலகங்களில் சாதிச் சான்றிதழுக்கே நெடுங்காலம் நடந்து அலுத்த சமூகம் அது. வெள்ளைச் சீருடையைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகிறவளுக்கு, 'தலை சுத்துது, கண்ணு மங்குது' என்று அவள் சார்பில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த இரண்டு வார்த்தைதான் பேறுகால வலிப்புக்கு முன்னறிவிப்பு. கேட்ட சிஸ்டர் பிரஷர் பட்டையைக் கட்டிவிட்டால், வலிப்பு வருமுன் மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டுவிடலாம். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் சோதித்து 2002இல் வெளியான ஆய்வு, அந்த ஊசி வலிப்பின் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. சிதம்பரத்துக்கு ரெஃபர் செய்வதானாலும் முதல் ஊசியைக் கிள்ளையிலேயே போட்டுவிட்டு அனுப்ப வேண்டும். வழியில் வலிப்பு வந்த பின்தான் மருந்து என்றால் ரெஃபரல் சீட்டு வெறும் பொறுப்புத் துறப்பு.

பிள்ளைக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்தில் மூச்சு வர வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே அழுதுவிடும். சில பிள்ளைகள் துணியால் துடைத்து முதுகைத் தடவினாலே அழும். மிகச் சில பிள்ளைகளுக்குத்தான் மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி வைத்து, பையை அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவே. ஆனால் அந்த நிமிடத்தில் மாஸ்க்கைத் தேடக் கூடாது; குழந்தைக்குப் பொருந்தும் அளவில், அலமாரியில் பூட்டி வைக்காமல், பிள்ளைக்குச் சூடு தரும் வார்மருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வார்மரைப் பிள்ளை பிறக்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். துடைக்க ஒரு துணி, பிறகு சுற்றிவைக்க இன்னொரு காய்ந்த துணி. ஈரத்துணியிலேயே சுற்றிய பிள்ளை, மின்விசிறிக்குக் கீழே, நம் சித்திரை வெயிலிலும் குளிர்ந்துபோகும். கிள்ளையில் மாதத்துக்குச் சில பிரசவம்தான் என்றால், ஒரு செவிலியர் அந்த மாஸ்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டாலே அதிகம். ஆண்டுக்கு இரண்டு முறை செய்யும் வேலையில் கை எப்படிப் பழகும்? அதனால்தான் பொம்மையை வைத்து வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒத்திகை பார்க்க வேண்டும் என்கிறேன். சிறிய மருத்துவமனையைக் காப்பாற்றப் புதிய கட்டடத்தைவிட இந்த ஒத்திகை பெரிது.

எடை குறைந்த பிள்ளை என்றால் நம் வீட்டில் எல்லாரும் கேட்பது 'பெட்டியில வச்சிருக்காங்களா' என்றுதான். பெட்டியைப் பற்றிய அந்த நம்பிக்கை தவறில்லை, ஆனால் முழுமையில்லை. பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில், தோலோடு தோலாக, கங்காருவைப் போலக் கட்டிவைக்கும் முறை 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாத நெருக்கடியில் பிறந்தது. 2021இல் வெளியான ஐந்து நாட்டு ஆய்வில் இந்தியாவும் ஒன்று. ஒன்று முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள பிள்ளைகளை, உடல்நிலை நிதானப்படட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனே தாயின் மார்பில் வைத்தபோது, 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்குக் குறைந்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இதை மருத்துவக் கல்லூரி வரை போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. கிள்ளையிலிருந்து சிறிய பிள்ளையை ஆம்புலன்சில் ஏற்றும்போது தாயின் மார்போடு கட்டி ஏற்றினால், அந்த 13 கிலோமீட்டரும் அவள் உடம்பே வார்மர். பாட்டிகளுக்கும் ஒரு சொல்: சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தில் இருக்கும் அன்பு புரிகிறது. பேரப்பிள்ளையின் நாக்கில் முதலில் படுவது சர்க்கரைத் தண்ணீராக இல்லாமல் சீம்பாலாக இருக்கட்டும்.

கிள்ளையில் எல்லாப் பிரசவமும் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் குறைந்தவள், முந்தைய ஆபரேஷன் தழும்பு உள்ளவள், இரட்டைப் பிள்ளை சுமப்பவள் முன்கூட்டியே சிதம்பரம் போவதுதான் சரி. அங்கே அரசு காமராஜர் மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் மாநில சுகாதாரத் துறையின் கீழ் வந்தபின், கடலூர் மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிடைத்திருக்கிறது. ஆனால் வலி எடுத்த எல்லாரையும் 'எதுக்கு வம்பு' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினால் இரண்டு கேடு. பெரிய மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கு இருவர் ஆவார்கள். சிறிய மருத்துவமனைச் செவிலியருக்கு இருந்த கைத்திறனும் போகும். மாநிலத்தில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 36 சதவீதமும், தனியாரில் 63.8 சதவீதமும் சிசேரியன் என்கிறது அதே கணக்கெடுப்பு. சுகப்பிரசவத்தைப் பொறுமையாகப் பார்க்கும் இடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டால் இந்த எண்கள் இன்னும் ஏறும். அனுப்புவது யாரை, வைத்துக்கொள்வது யாரை என்று பிரித்தறியும் திறமைதான் சிறிய மருத்துவமனையின் உயிர்.

கடலோரத்துக்கே உரிய இன்னொரு கணக்கு மழைக்காலம். 2004 ஆழிப்பேரலை எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய குடியிருப்புகளைக் குலைத்துப்போட்டது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டியெடுத்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் தேதி நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கும் நல்ல பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை தேதி குறித்தவர்களின் பட்டியலை ஆவணியிலேயே எடுத்து, யார் கழிக்கு அந்தப்பக்கம், யாருக்கு உறவு சிதம்பரத்தில், யாருக்கு வண்டி இல்லை என்று எழுதி வைத்தால் கடைசி நேர அலைச்சல் மிச்சமாகும். வங்கிக் கணக்கு, கர்ப்பப் பதிவுக்கான ஆர்.சி.எச். எண், ஆதார் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சரிபார்க்கலாம். 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் இப்போது 18,000 ரூபாய் மதிப்புள்ளது. ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடக்கம். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கும்போது, காகிதம் இல்லை என்பதற்காக மிக ஏழையான தாய்க்கே அந்தப் பெட்டகம் தவறிப்போவது பெரும் அநியாயம்.

தாய்ச் சாவை விசாரிக்கும் வழக்கம் நம்மிடம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. நல்லவேளையாக, ஒரு சிறிய மருத்துவமனையில் பல ஆண்டுகள் ஒரு தாய்கூட இறக்காமல் போகலாம். அப்போது எதை விசாரிப்பது? மயிரிழையில் பிழைத்தவர்களை விசாரிக்கலாம். போன மாதம் உதிரம் அதிகம் போய் மீண்டவள், ஆம்புலன்ஸ் தாமதித்தவள், பிறந்து இரண்டு நிமிடம் கழித்து அழுத பிள்ளை. மருத்துவர், செவிலியர், கிராம சுகாதார செவிலியர், 108 ஊழியர் எல்லாரும் மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், எந்த நிமிடம் வீணானது என்று மட்டும் பேச வேண்டும். ஊரிலிருந்தும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். 2022இல் கிள்ளைப் பேரூராட்சியின் தலைவர் நாற்காலியில் இருளர் சமூகப் பெண் ஒருவர் அமர்ந்தார். தாய்மாரின் குரல் மருத்துவமனை மேசைக்கு வந்துசேரும் வழி அந்த ஊருக்குப் புதிதல்ல.

கிள்ளையில் இருப்பவர்களுக்கும், இதுபோன்ற கடலோர மருத்துவமனைகளில் பணிபுரிகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த செவ்வாய்க்கிழமை நீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று கழியில் இறங்கும் எல்லாருக்கும் தெரியும். அதைக் கேட்டுக் கர்ப்பிணிகள் பதிவேட்டின் மேல்பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் வர முடியாதவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள்.